பாவமன்னிப்புக்கு ஒரு மரணம் எதற்கு? சிலுவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிப்படுத்தத் தயார்ப்படுத்தும் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். நம் பாவம் மன்னிக்கப்பட இயேசு சிலுவையில் மரித்தார் என்ற பாடம் வந்ததும் ஒரு கை உயரும். "மன்னிக்கணும்னா மன்னிச்சிட வேண்டியதுதானே சார், அதுக்கு எதுக்கு ஒருத்தர் சாகணும்?" பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் சுற்றிவளைத்து. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்டிருக்கிறார். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் சொந்தச் சித்தப்பாவே கேட்டிருக்கிறார். நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. இதை நம்புகிறவன், இந்தக் கேள்விகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன். அந்த அளவில் எழுதுகிறேன். வசனங்கள் பெரும்பாலும் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

கடவுள் சர்வவல்லவர். "போ, மன்னித்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

என் அம்மா தெருவில் சீட்டு பிடித்துக்கொண்டிருந்தார். 12 பேர், மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய், குலுக்கல் சீட்டு. ஒரு முறை இரண்டாம் மாதமே பெயர் விழுந்த ஒரு அக்கா 12,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் மாதத்திலிருந்து பணம் வரவில்லை. போய்ப் பார்த்தால் வீட்டைக் காலி செய்திருந்தார்கள். இன்னும் பத்து மாதம் பாக்கி, 10,000 ரூபாய். மீதிப் பேரில் ஒருத்தருக்கு மகள் பிரசவம், ஒருத்தருக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். "அவ ஓடிட்டா, நான் என்ன பண்றது" என்று அம்மா சொல்லவில்லை. இரண்டு வளையலை விற்று, அந்த அக்காவின் பங்கை மாதாமாதம் தானே போட்டார். பல வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் அந்த அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டு அழுதார். அம்மா சொன்னது, "விடு பிள்ள, அது முடிஞ்சு போச்சு."

நான் பக்கத்தில் நின்றேன். ஒரே வார்த்தையில் மன்னிப்பு முடிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் பத்து மாதமும் இரண்டு வளையலும் இருந்தன.

தவறு நடந்த இடத்தில் ஒரு இழப்பு உட்கார்ந்திருக்கும். செய்தவர் அதைக் கட்டலாம். இல்லையென்றால் மன்னிக்கிறவர் சுமக்கலாம். இரண்டும் வேண்டாம், ஒன்றுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்தச் சுமை சம்பந்தமே இல்லாத மற்றப் பதினோரு பேர் தலையில் விழும். கடவுள் என்னுடைய கடவுள் மட்டும் இல்லை, என்னால் பாதிக்கப்பட்டவருக்கும் கடவுள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் "பரவாயில்லை, விடு" என்று சொன்னால் அது இரக்கமா, அலட்சியமா? ரோம் நகர விசுவாசிகளுக்கு எழுதிய ரோமர் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் தவிக்கிற இடம் இதுதான்: தேவன் "தாம் நீதியுள்ளவரும்" ஆக இருக்க வேண்டும், பாவியை நீதிமானாக்குகிறவராகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் விஷயம் சுலபம். கிறிஸ்தவ விசுவாசம் இரண்டையும் விட மறுக்கிறது.

சரி, இழப்பை ஏற்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஏன் உயிர் போக வேண்டும்?

சீட்டுக் கதை இங்கே போதாது. அம்மாவுக்குப் போனது வளையல், உயிர் போகவில்லை. வேதம் பாவத்தைக் கடன் என்று சொல்வது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. வியாதி என்கிறது, அடிமைத்தனம் என்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளிடமிருந்து பிரிவு என்கிறது. ஆதியாகமத்தில் முதல் எச்சரிக்கையே "அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்பதுதான். முருங்கைக் கிளை முறிந்து விழுந்தால் இரண்டு நாள் பச்சையாகத்தான் இருக்கும். யாரும் அதற்குத் தண்டனை கொடுக்கவில்லை. மரத்தை விட்டு வந்ததிலேயே அதன் சாவு இருக்கிறது.

4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்த அத்தனாசியு இதைத்தான் எழுதினார். தப்பு மட்டும் நடந்திருந்தால் மனந்திரும்புதல் போதும். ஆனால் மனிதருக்குள் அழிவு புகுந்துவிட்டது, அதை வருத்தத்தால் மட்டும் வெளியேற்ற முடியாது என்பது அவர் வாதம். அதனால் உயிரின் ஊற்றே உடல் எடுத்து, மரணத்துக்குள் போய், அதை உள்ளிருந்தே உடைக்க வேண்டியிருந்தது.

"பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற ரோமர் 6:23 எல்லாருக்கும் மனப்பாடம். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் போர்வீரனுக்குக் கொடுக்கிற கூலியைக் குறிப்பது. பாவம் ஒரு எஜமான் மாதிரி நிற்கிறது, வேலை வாங்கிக்கொண்டு கடைசியில் கையில் வைப்பது சாவு. அடுத்த பாதியில் தேவன் கொடுப்பது சம்பளம் இல்லை, "கிருபைவரம்". உழைத்து வாங்கியதும் சும்மா கிடைத்ததும் ஒரே வசனத்தில்.

இரத்தம், பலி, இதெல்லாம் கோபக்கார தெய்வத்தைக் குளிரவைக்கிற படையல் மாதிரி இல்லையா?

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுப் பார்த்து வளர்ந்த நண்பர்கள் இதைக் கேட்பது இயல்பு. நம்மூரில் பெரும்பாலும் அது நேர்த்திக்கடன். மனிதன் வேண்டிக்கொள்கிறான், கிடைத்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதை ஒப்பிட்டுக் குறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை. பலிச் சட்டங்கள் உள்ள பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் சொல்வது எப்படி வேறு என்பதை மட்டும் சொல்கிறேன்.

லேவியராகமம் 17:11 இந்தப் பொருளுக்கு அடித்தளமான வசனம். மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, "ஆத்துமாவிற்காகப் பாவநிவிர்த்தி செய்கிறது இரத்தமே" என்கிறது. நடுவில் இருப்பதைக் கவனிக்காமல் போய்விடுவோம். எபிரெயத்தில் கடவுள், "பலிபீடத்தின்மேல் நான் அதை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்கிறார். கொடுப்பவர் அவர். தன்னைச் சமாதானப்படுத்த மனிதன் தேடி அலைந்து கண்டுபிடித்த வழியாக அது சொல்லப்படவில்லை. திரும்பி வர அவரே போட்டுக்கொடுத்த பாதை.

அப்புறம் பாவநிவாரண நாள். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஏழாம் மாதம் பத்தாம் தேதி, இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப்போட்டு ஒன்று கர்த்தருக்கு, ஒன்று போக்காடு, அதாவது வனாந்தரத்துக்குப் போகவிடும் ஆடு. கர்த்தருக்குரியது கொல்லப்படுகிறது. அதன் இரத்தத்தை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியன் திரைக்கு உள்ளே போய்க் கிருபாசனத்தின் மேல் தெளிக்கிறான். வெளியே வந்து, உயிரோடு நிற்கும் மற்ற ஆட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிடுகிறான். அந்த ஆட்டை ஒரு ஆள் வனாந்தரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது அவன் துணி துவைத்துக் குளித்துவிட்டுத்தான் பாளயத்துக்குள் நுழைய வேண்டும்.

இதைப் பிரசங்கங்களில் ஒரே ஆடாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பாவம் சுமத்தப்பட்ட ஆட்டை யாரும் வெட்டவில்லை. அது பாவத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. வெட்டப்பட்ட ஆட்டின் இரத்தம் தீட்டுப்பட்ட இடத்தைக் கழுவுகிறது. ஒன்று சுத்திகரிக்க, மற்றது அப்புறப்படுத்த. இரண்டு ஆடு செய்த வேலையையும் ஒருவர் செய்தார் என்பதுதான் புதிய ஏற்பாட்டின் சாட்சி.

கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், இரண்டு பக்கமும் கேருபீன்கள். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்ததற்குப் பிறகு அந்தப் பெட்டி ஆலயத்தில் இல்லை. பவுல் காலத்தில், பெட்டி இருக்க வேண்டிய மகா பரிசுத்த ஸ்தலம் வெறும் அறை. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் கிருபாசனத்துக்கு எந்தச் சொல் இருக்கிறதோ, அதே சொல்லை ரோமர் 3:25இல் பவுல் இயேசுவுக்குப் போடுகிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே "கிருபாதாரபலி" என்று வைத்தார்கள். கிருபாசனம், கிருபாதாரபலி என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே விழும். வருடத்துக்கு ஒருநாள் ஒரே ஒருவன் பார்த்த இடத்தை, ஊருக்கு வெளியே எல்லார் கண் முன்னாலும் கடவுள் வைத்துவிட்டார் என்கிறார் பவுல். இதைப் புரிந்துகொண்ட அன்று நான் நெடுநேரம் வேதாகமத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் 1 யோவான் 2:2இல் "நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே" என்று இருக்கிறது. கழுவாய் பழைய சொல். புறநானூறு 34ஆம் பாட்டில், பெரும் பாதகம் செய்தோர்க்கும் "கழுவாயும் உள" என்று வரும் அதே சொல்.

இரத்தம் இல்லாமல் மன்னிப்பே இல்லை என்றால், தாவீது ராஜாவை, நினிவே பட்டணத்தைக் கடவுள் எப்படி மன்னித்தார்?

நல்ல கேள்வி. "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற எபிரெயர் 9:22ஐ முழுசாக வாசித்தால் அது "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம்" என்று ஆரம்பிக்கிறது. புறாவுக்கும் வழியில்லாத ஏழை பாவநிவாரணத்துக்கு ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும் என்று லேவியராகமம் 5:11 சொல்கிறது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் மன்னிப்பைச் சொன்னபோது பலிபீடம் பக்கத்தில் இல்லை. "தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான்" என்று 51ஆம் சங்கீதம் பாடுகிறது. ஆக, மிருக இரத்தத்தில் மந்திர சக்தி இருப்பதாகப் பழைய ஏற்பாடே நினைக்கவில்லை. எபிரெயர் 10:4 நேராகவே சொல்கிறது, காளை வெள்ளாட்டுக்கடா இரத்தம் பாவத்தை நிவிர்த்தி செய்யமாட்டாது என்று. அவையெல்லாம் முன்னோட்டம், தாவீதுக்கும் நினிவேக்கும் கிடைத்த மன்னிப்பும் பிற்பாடு சிலுவையில் தீர்க்கப்பட்ட கணக்கிலிருந்துதான் வந்தது என்று கிறிஸ்தவர்கள் வாசிக்கிறோம்.

ஒருத்தர் செய்த குற்றத்துக்கு இன்னொருத்தரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

எந்த ஊரிலும் நியாயம் இல்லை. வேதமே ஒத்துக்கொள்ளாது. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று எசேக்கியேல் 18 சொல்கிறது.

இந்தக் கேள்வி வருவதற்கு நாங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கன்வென்ஷன் மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள்: நீதிபதி குற்றவாளியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒன்றும் செய்யாத தன் மகனைத் தூக்குக்கு அனுப்பினார் என்று. கூட்டம் அழும். எனக்கு அந்தக் கதையில் அந்த மகனுக்காகத்தான் வயிறு எரியும். அந்த நீதிபதி எதையும் சுமக்கவில்லையே! பிள்ளைகள் இந்தக் கதையை என்னிடம் திருப்பிச் சொன்னால், இது சுவிசேஷம் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

"தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்பதுதான் 2 கொரிந்தியர் 5:19. கிறிஸ்துவுக்குள் இருந்தது தேவன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் ஏதோ கணக்குப் புதிர் என்று நினைக்கிறோம். அதை எடுத்துவிட்டால் சிலுவை ஒரு கொடுமையாகத்தான் மிஞ்சும். பாதிக்கப்பட்டவர், நியாயந்தீர்க்கிறவர், சுமக்கிறவர் மூன்றும் ஒருவரே. வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட மூன்றாம் ஆள் அங்கே கிடையாது. என் அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் வளையலைக் கழற்றி விற்றிருந்தால் அது மன்னிப்பு ஆகுமா? தன் கையிலிருந்ததைக் கழற்றினார்.

இயேசுவும் இழுத்து வரப்பட்டவர் இல்லை. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்; நானே அதைக் கொடுக்கிறேன்" என்று யோவான் 10:18இல் சொல்கிறார். கைதான இரவில் கெத்செமனே தோட்டத்தில் அவருக்குப் பயமும் துயரமும் இருந்தன; இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கிப்போகாதா என்று ஜெபித்தார். ஆனாலும் எழுந்து போனார்.

முழுக் கடனும் கட்டப்பட்டுவிட்டது என்றால், அப்புறம் அது மன்னிப்பு எப்படி?

16ஆம் நூற்றாண்டில் ஃபாஸ்டோ சோசினி என்ற இத்தாலியர் இதைக் கேட்டுத்தான் சீர்திருத்தத் திருச்சபைகளை உலுக்கினார். கட்டினால் மன்னிக்க ஒன்றுமில்லை, மன்னித்தால் கட்டத் தேவையில்லை என்றார். கடன் கொடுத்தவரும் கட்டியவரும் வேறு வேறு ஆள் என்றால் அவர் சொன்னது சரி. இருவரும் ஒருவரே என்றால், கட்டுவதும் மன்னிப்பதும் ஒரே செயலுக்கு இரண்டு பெயர்.

சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த கெட்ட குமாரன் உவமையில் அப்பா பலி எதுவும் கேட்கவில்லையே?

கேட்கவில்லை. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் பலிபீடம் கிடையாது, கொழுத்த கன்று விருந்துக்கு அடிக்கப்படுகிறது. ஒரே உவமைக்குள் முழு உபதேசத்தையும் திணிக்கக் கூடாது. இந்த உவமை மனந்திரும்பி வருகிறவனை அப்பா எப்படி வரவேற்கிறார் என்று காட்டத்தான் சொல்லப்பட்டது.

ஆனாலும் அந்த அப்பா செலவில்லாமல் மன்னித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே இளைய மகன் பங்கு கேட்டான், பிரித்துக் கொடுத்தார். அது பன்றி மேய்க்கும் ஊரில் கரைந்து போனது, திரும்பி வரவில்லை. அவன் தூரத்தில் வரும்போதே ஓடினார். அந்தக் காலத்தில் அங்கி உடுத்திய வீட்டுப் பெரியவர் தெருவில் ஓடுவது எவ்வளவு கௌரவக் குறைச்சல் என்று நமக்குத் தெரியும். நம் ஊரிலும் தாத்தாக்கள் ஓடமாட்டார்கள். மகன் மேல் விழ வேண்டிய ஊர்ப்பார்வையைத் தன் மேல் வாங்கிக்கொண்டார். அப்புறம் மூத்தவனிடம் போய்க் கெஞ்சி, அவன் வாயிலிருந்தும் பேச்சு வாங்கினார். இந்தக் கதையைச் சொன்னவர் கொஞ்ச நாளில் எருசலேமுக்குப் போய்ச் சிலுவையில் தொங்கினார்.

இதெல்லாம் பவுல் பிற்பாடு கட்டிய கதைதானே? இயேசு அப்படி நினைத்தாரா?

பவுல் ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கிறிஸ்து "வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து" என்பதைத் தான் "அடைந்தது" என்கிறார், அதாவது தனக்கு முன்னாலிருந்தவர்கள் ஒப்படைத்தது. சிலுவைக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையில் 25 வருடத்துக்கு மேல் பெரிதாக இடைவெளி இல்லை. எருசலேமில் இயேசுவோடு சாப்பிட்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

இயேசுவின் வாயிலிருந்து வந்தவையும் உண்டு. "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று மாற்கு 10:45. அதைவிட எனக்குப் பெரிய சாட்சி அவர் தேர்ந்தெடுத்த நாள். எகிப்தில் நிலைக்கால்களில் ஆட்டின் இரத்தம் பூசி விடுதலையான பஸ்கா வாரத்தில், அந்தப் பந்தியில் அப்பத்தை எடுத்து "என் சரீரம்" என்றார், பாத்திரத்தை எடுத்து "பாவமன்னிப்புண்டாகும்படி அநேகருக்காகச் சிந்தப்படுகிற" இரத்தம் என்றார். தன் சாவுக்கு விளக்கம் சொல்ல அவர் ஒரு சாப்பாட்டைக் கொடுத்தார். திருவிருந்தில் மண்டியிடும்போது நாம் அதைத்தான் இன்னும் சாப்பிடுகிறோம்.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதை ஒரே மாதிரி விளக்குகிறார்களா?

இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். திரித்துவத்துக்கும் கிறிஸ்துவின் இரண்டு இயல்புகளுக்கும் திருச்சபை முழுவதிலுமிருந்து ஆயர்கள் வந்த பொதுச்சங்கங்கள் கூடி வரையறை எழுதின. சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு அப்படி ஒரு வரையறையை எந்தப் பொதுச்சங்கமும் எழுதவில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணம் "நமக்காக" சிலுவையில் அறையுண்டார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

ஆதித் திருச்சபையில் பலர் மீட்கும்பொருள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பிசாசின் கையில் சிக்கியவர்களுக்காகக் கொடுத்த விலை என்றார்கள். நிசாவின் கிரகோரியார் தூண்டில் உவமை சொன்னார்: மனித உடல் இரை, உள்ளே தெய்வீகம் முள், பிசாசு விழுங்கிவிட்டு மாட்டிக்கொண்டது. அவருடைய நண்பரான நசியான்சின் கிரகோரியாருக்கு இது பிடிக்கவில்லை. அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார். பிசாசுக்கா? அது அவமானம். பிதாவுக்கா? ஈசாக்கையே வேண்டாம் என்று தடுத்தவர் தன் ஒரேபேறான குமாரனின் இரத்தத்தில் மகிழ்வாரா? அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098 வாக்கில், கடவுள் ஏன் மனிதரானார் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். கடவுளுக்குச் சேர வேண்டியதை மனிதன் கொடுக்கவில்லை. கட்ட வேண்டியவன் மனிதன், கட்டக்கூடியவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் தேவை. இதன் பின்னால் அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்களின் மானம், மரியாதை என்ற பேச்சு இருக்கிறது. அடுத்த தலைமுறையின் அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம் நெஞ்சை இளக்கி மாற்றுகிறது என்பதை அழுத்திச் சொன்னார். லூத்தர், கால்வின் காலத்தில் நியாயப்பிரமாணத்தின் தண்டனையை அவர் நம் இடத்தில் ஏற்றார் என்பது முன்னுக்கு வந்தது. நம் தமிழ்ச் சுவிசேஷ சபைகளின் பிரசங்கம் பெரும்பாலும் இந்த ஊற்றிலிருந்துதான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஈஸ்டர் இரவில் "மரணத்தால் மரணத்தை மிதித்தார்" என்று பாடுகின்றன. அவர்களுக்கு நீதிமன்றத்தைவிடப் போர்க்களம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

"தேவையா" என்ற சொல்லிலேயே ஒருமித்த கருத்து இல்லை. தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில், கடவுள் விரும்பியிருந்தால் ஈடு எதுவும் இல்லாமலே மன்னித்திருக்கலாம், அதில் அநீதி இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றார். எனக்கு இந்த விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் வேதத்தில் ஒரு வசனத்தில் கால் ஊன்றி நிற்கிறது.

யூதர்களும் முஸ்லிம்களும் இதை ஏன் ஏற்பதில்லை?

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்த பிறகு யூதர்களுக்குப் பலிபீடம் இல்லை. மனந்திரும்புதல், ஜெபம், தர்மம் வழியாக மன்னிப்பு என்று ரபீக்கள் கற்பித்தார்கள். இடிபாடுகளைப் பார்த்து வருந்திய சீடரை யோகனான் பென் சக்காய் என்ற ரபீ தேற்றியது, பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியா 6:6ஐச் சொல்லித்தான். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொன்னதும் அதே வசனம். இஸ்லாத்தில் ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. இறைவன் நேரடியாக மன்னிக்கிறான். ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்று குர்ஆன் 4:157 சொல்கிறது. கடவுளின் இரக்கத்தில் மூவருக்கும் நம்பிக்கை உண்டு. அந்த இரக்கம் கடவுளுக்கே வலித்தது என்று சொல்லும் இடத்தில்தான் நாங்கள் பிரிகிறோம்.

அப்படியானால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துவும் நல்ல காரியம்தானே செய்தார்கள்?

ஆதியாகமத்தில் யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரிடம் சொன்னதுதான் பதில்: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடித்தார். செய்தவர்களின் குற்றம் குற்றம்தான். ஆனால் அதை வைத்து ஒரு இனத்தையே "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்று நூற்றாண்டுகளாகத் துன்புறுத்தியது திருச்சபையின் பெரும் பாவம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை வெளிப்படையாக நிராகரித்தது.

எனக்குத் துரோகம் செய்தவனை, என்னைக் கேட்காமல் கடவுள் எப்படி மன்னிக்கலாம்?

இந்தக் கேள்வியை ஒரு பெண் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கேட்டாள். அவளுக்கு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். வீட்டில் "இயேசு மன்னிச்சிட்டார், நீயும் மன்னிச்சிடு" என்று வாயை அடைத்திருக்கிறார்கள். சிலுவையைக் காட்டி ஒரு பிள்ளையை வாயடைக்கச் செய்வதைப் போலச் சிலுவைக்கு விரோதமான காரியம் வேறு இல்லை.

நீ பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. மனிதருக்கு எதிரான பாவத்தை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும் வரை பாவநிவாரண நாளும் தீர்க்காது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு இரட்சிப்பு பெற்ற அன்றே ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக எழுந்து நின்று சொன்னான். கடவுள் மன்னித்தார் என்பதால் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்றோ, மறுபடி அதே ஆளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றோ வேதம் சொல்லவில்லை. அவளிடம் இதைச் சொன்னேன். அப்புறம், சிலுவையில் தொங்கினவர் துரோகம் செய்தவன் பக்கம் நிற்பதற்கு முன்னால் துரோகம் செய்யப்பட்டவராகவே தொங்கினார் என்றும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வந்திருந்தாள்.

எல்லாம் கட்டியாகிவிட்டது என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பாவம் செய்யலாமா?

பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அம்மா விற்ற வளையலைப் பற்றித் தெரிந்த பிறகு அந்த அக்கா இன்னொரு சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாரா?

மூன்றாம் நாள் எழுந்துவிட்டார் என்றால் உண்மையில் எதை இழந்தார்?

இதைக் கேட்டது ஒரு பையன். மூன்று நாள் தூங்கி எழுந்த மாதிரிதானே என்றான். உயிர்த்தெழுதல் இல்லாமல் சிலுவை பாதிதான். "கிறிஸ்து எழுந்திராவிட்டால்... நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்று பவுலே எழுதுகிறார். வாங்கிய சுமை தீர்ந்தது, மரணத்தால் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் எழுந்தவர் பழைய மாதிரி ஒன்றும் நடக்காதவராக எழவில்லை. எட்டு நாள் கழித்து, பூட்டிய வீட்டுக்குள், தன் சீடன் தோமாவிடம் "உன் விரலை இங்கே நீட்டி, என் கைகளைப் பார்" என்றார். அந்தத் தோமா நம் சென்னைக்கு வந்தார் என்று சொல்லும் மலையும் கோவிலும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எழுந்த உடலில் ஆணிக் காயங்கள் அப்படியே இருந்தன. அதை அந்தப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.